ஈரத்தோடு திருப்பித் தரக்கூடாது

ரசீதின் பின்பக்கத்தில்
மூன்றாவது நிபந்தனை அது.
ஆகவே ஞாயிறு மதியம்
கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில்
நாலு பேர் படுக்கும் கூடாரத்தை விரிக்கிறேன்.
ஒரு மூலைக்குச் செங்கல்
ஒரு மூலைக்கு வாட்டர் கேன்
ஒரு மூலைக்கு யாரோ போட்டுவிட்டுப் போன ஆட்டோ பேட்டரி
நாலாவது மூலைக்கு நான்.

கடற்காற்று இந்த நேரத்துக்குத்தான்
எங்கள் பிளாக்கைக் கண்டுபிடிக்கும்.
துணி உப்புகிறது
உள்ளே யாரோ எழுந்து உட்கார்ந்த மாதிரி.

மடிப்புகளில் மலை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
சேறு, பைன் ஊசிகள்,
செத்துக் காய்ந்த அட்டை ஒன்று.
குடித்தது என் ரத்தமோ எபிநேசர் ரத்தமோ.

கோமளாவின் பையன் செருப்போடு உள்ளே போய்
ஜிப்பை மூடிக்கொண்டு கேட்கிறான்:
“கரடி வருமாக்கா?”
“மணலி வாசனைக்கு வராதுடா.”

அங்கே எங்கள் இடத்துக்கு எண் ஏழு.
ஏரிக்கும் எங்களுக்கும் பதினாறு அடி.
நடுவில் ஒரு கயிறு கட்டி
“இதைத் தாண்டாதீங்க, எருமை தண்ணி குடிக்க வரும்” என்றார் கார்டு.
சரி சார் என்றோம்,
ஒரே பெஞ்சில் வரிசையாய் உட்கார்ந்து
ஊரார் தவணையைப் போனில் கேட்கும் நாலு பேரும்.
டவர் இல்லை.
இரண்டு ராத்திரி
எங்கள் குரலுக்கு யாரும் பயப்படவில்லை.

எபிநேசர் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தான்.
மசாலா தடவிக் கொண்டுபோன நெத்திலி
எண்ணெயில் விழுந்ததும்
காடு முழுக்கக் காசிமேடு.
இருட்டிலிருந்து கார்டின் குரல்:
“அதை மூடித் தொலைங்கப்பா.”

தூக்கம் வரவில்லை.
யார்டில் கூட்ஸ் வண்டி
பெட்டியோடு பெட்டி மோதும் சத்தத்தில்
முப்பத்தோரு வருஷமாய்த் தூங்குகிறவள் நான்.
ஒன்றுமே கேட்காதது
காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

எப்போது கண்ணயர்ந்தேனோ,
மூன்று மணிக்கு விழிப்பு.
எங்கள் லைனில் தண்ணீர் மூன்றுக்கு வரும்.
உடம்புக்கு
மலையும் தெரியாது, லீவும் தெரியாது.
ஜிப்பைத் திறந்து
பாதித் தூக்கத்தில் காலை வெளியே வைத்தால்

எதிரே
அத்தனை தண்ணீர்.

பனிக்கு அடியில் அசையாமல்
கரை வரைக்கும் வந்து நின்றிருந்தது.
என் கையில் குடமில்லை.
சத்தியமாய்ச் சொல்கிறேன்
திரும்பிப் பார்த்தேன்
எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று.

அப்புறம் கயிற்றுக்கு இந்தப் பக்கமே
போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.
கீழ்வானம் வெளுக்கும் முன்
ஒற்றைக் காட்டெருமை வந்தது.
முழங்கால் ஆழம் இறங்கி
அவசரமில்லாமல் குடித்தது.
குடித்துவிட்டு
மீதியை அப்படியே விட்டுப் போனது.

மற்ற மூன்று பேருக்கு
எருமை வந்ததை மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை பெரம்பூர் கடைக்காரர்
துணியை மூக்கருகில் வைத்துப் பார்த்து
“காஞ்சிருக்கு” என்றார்.
ஆணிகளை எண்ணினார்.
பதினொன்று.
மறுபடி எண்ணினார்.
நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்.
பேரம் பேசவில்லை நான்.
அந்தக் கரையில் என் ஆணி ஒன்று இறங்கியிருக்கிறது,
இருக்கட்டும்.

அன்றைக்கும் மூன்று மணி.
அடிபம்பில் எனக்கு முன்னால் தில்ஷாத் அக்கா,
அவளுக்கு முன்னால் ஒன்பது குடம்.
மூச்சு வாங்க அடித்துக்கொண்டே கேட்டாள்:
“அங்கல்லாம் தண்ணி எப்டிடீ?”
“சும்மாங்காட்டி கெடக்குதுக்கா.”
கைப்பிடியை நிறுத்தி
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
“சும்மாவா” என்றாள்.
பிறகு,
“சரி, கொடத்தத் தள்ளு.”